இடுப்பு நோய் என்று எழுதியது

சான் லாசரோ
13 ஜனவரி 1994

மதிப்பிற்குரிய தோன்யா நில்சா ரோக்கா அவர்களுக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தி கடிதம் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். அலுவலக விஷயம் அலுவலகத் தாளில், மேலதிகாரி கையெழுத்தோடுதான் வரவேண்டும் என்று எனக்கும் தெரியும். சாந்தா குரூஸிலிருந்து ஆய்வுக்கூடம் அனுப்பும் ரசீதுகளில் ‘மாதிரி பெற்றுக்கொண்டவர்’ என்ற இடத்தில் உங்கள் பெயரைப் பார்த்திருக்கிறேன். நமக்குள் பழக்கம் அவ்வளவுதான். வானொலியில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் இங்கே வானொலி நகராட்சியில் இருக்கிறது. ஒருவர் பேசினால் இந்தச் சமவெளியில் இருக்கும் எல்லாப் பண்ணைகளும் கேட்கும். கேட்டுவிட்டு நடுவில் புகுந்து அபிப்பிராயமும் சொல்லும்.

நான் இங்கே உதவிக் கால்நடை மருத்துவர். முதல் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவள் நான் ஒருத்திதான். அதனால் எதை யாரிடம் எப்படிக் கேட்பது என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

என் அண்ணன் அசென்சியோ, தோன் சவுல் மெல்கரின் எல் கார்மென் பண்ணையில் மாடு மேய்க்கிறான். மழை தொடங்கியதிலிருந்து சமவெளி முழுக்கத் தண்ணீர். மாடுகளெல்லாம் ஒரே மேட்டில் நெருக்கியடித்து நிற்கின்றன. காலையில் பார்த்தால் பாதி மாடுகளின் கழுத்தில் ரத்தக் கோடு. வௌவால் குடித்துவிட்டுப் போன தடம். போன வாரம் ஒரு பசு பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது, விழுங்க முடியவில்லை. மொத்தாகூ பனங்கொட்டை தொண்டையில் சிக்கியிருக்கும் என்று அண்ணன் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவியிருக்கிறான். கொட்டை இல்லை. மாட்டின் பல் கீறி அவன் கையில் ரத்தம் வந்தது. மறுநாள் பசு செத்தது.

அவன் கையை நானே சோப்புப் போட்டு, தோல் சிவக்கும் வரை கழுவினேன். சுகாதார நிலையத்துத் தோன் எலோயின் குளிர்பெட்டியில் வெறிநோய்க்கான ஊசி மருந்து ஒரு ஆளுக்கு இருக்கிறது. நாய் கடித்தது என்றால் உடனே போடுவாராம். மாடு என்றால் ஆய்வுக்கூடத்தின் தாள் வேண்டுமாம்.

இப்போது இன்னொரு பசு படுத்திருக்கிறது. அதன் மாதிரியை உங்களுக்கு அனுப்ப அனுமதி கேட்டு, எங்கள் மேலதிகாரி டாக்டர் ரேனே அந்தெலோவின் கையெழுத்தோடு விண்ணப்பம் இதே விமானத்தில் வருகிறது. அனுமதி எண் இல்லாத பெட்டியை விமானி தொடமாட்டார். அந்த எண்ணைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்ப முடியுமா என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பணிவுடன்,
நெலிதா முய்பா


சாந்தா குரூஸ்
18 ஜனவரி

டாக்டர் முய்பாவுக்கு,

மன்னிப்பெல்லாம் எதற்கு? என் ஜன்னலுக்கு வருவதெல்லாம் குடல், ஈரல், அறுத்த காது. ஒரு நாள் கடிதம் வந்தால் எனக்கு லாபம்தான்.

ஆனால் நீங்கள் செய்திருக்கும் காரியத்தைப் பாருங்கள். விண்ணப்பத்தில் நோயின் பெயர் என்று கேட்ட இடத்தில் ‘இடுப்பு நோய்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பட்டியலில் இடுப்பு நோய் என்றால் குதிரைக்கு வருவது, ரத்தத்தில் பூச்சி. உங்கள் தாள் நேராக ரத்தப் பிரிவுக்குப் போனது. அவர்கள் மகிழ்ச்சியோடு எண் போட்டுவிட்டார்கள். இத்துடன் வரும் கண்ணாடிக் குழாய்கள் அதற்காகத்தான். ‘குதிரையின் ரத்தம் அனுப்புக’ என்று சீட்டும் ஒட்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தை நான் அதற்குப் பிறகுதான் படித்தேன். எச்சில், விழுங்க முடியாத தொண்டை, வௌவால். அதற்கு ரத்தம் எதற்கு? மூளை வேண்டும். மூளைக்கு வேறு பிரிவு, வேறு விண்ணப்பம், வேறு எண். கொடுத்த எண்ணை மாற்ற முடியாது. கேட்டுப் பார்த்தேன். இயக்குநர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் சட்டையில் நான் எச்சில் துப்பிவிட்டது போல.

புதிதாக எழுதி, மேலதிகாரியின் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். இந்த முறை நோயின் சொந்தப் பெயரை எழுதுங்கள். படித்தவர்தானே நீங்கள்?

நி. ரோக்கா


சான் லாசரோ
27 ஜனவரி

தோன்யா நில்சா அவர்களுக்கு,

நீங்கள் கேட்டது சரி. படித்தவள்தான். தெரிந்தேதான் எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் பின்னங்கால் விழுந்தால் எல்லாமே இடுப்பு நோய். குதிரை விழுந்தாலும் அதே பெயர், மாடு விழுந்தாலும் அதே பெயர். அப்பா அப்படித்தான் சொல்வார். வெறிநோய் என்று எழுதினால் டாக்டர் ரேனே கையெழுத்துப் போடமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஊர்ச் சொல்லை எழுதினால் அவர் பயமில்லாமல் போடுவார், உங்கள் பக்கம் படிப்பவர் விஷயத்தைப் புரிந்துகொள்வார் என்று கணக்குப் போட்டேன். ஒரு சொல்லை வைத்து இரண்டு பக்கமும் சமாளிக்கப் பார்த்தேன். அந்தச் சொல் என்னைத்தான் பிடித்து வைத்திருக்கிறது.

புதிய விண்ணப்பத்தோடு அவர் மேசை முன்னால் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்ல எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். உட்காரச் சொன்னார். சமவெளியில் வெறிநோய் என்று ஒரு தாளில் ஏறினால் மாட்டுச் சந்தை மூடப்படும், ஆற்றில் நிற்கும் படகுகளில் ஒரு மாடுகூட ஏறாது, தோன் சவுல் தன் மகனுக்கு ஞானத்தந்தை என்பதையும் நான் மறக்கக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார். பிறகு சிரித்தார்.

“நாய் எங்க, டாக்டரம்மா? ஒரு நாயக் காட்டுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன். உங்க அண்ணன் கையிங்கறதால உங்களுக்கு எல்லாமே வெறியாத் தெரியுது.”

விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வெறியைக் கொண்டுவர நாய் வேண்டாம், ரத்தம் குடிக்கும் வௌவால் போதும் என்று, வெளியே வந்த பிறகு சொல்லவேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

அந்த இரண்டாவது பசுவும் செத்துப்போனது. கழுகுகள் முடித்துவிட்டன. தோன் எலோயிடம் மறுபடி போனேன். பாவம், அவரும் பயப்படுகிறார். மருந்தைத் தாளில்லாமல் எடுத்தால் அடுத்த முறை தனக்கு ஒன்றும் அனுப்பமாட்டார்கள் என்கிறார். குளிர்பெட்டியைத் திறந்து காட்டினார். மருந்து அங்கேதான் இருக்கிறது. ஒரு கை நீட்டினால் எடுத்துவிடலாம்.

வேறு ஊருக்குக் கூட்டிப்போகவும் வழியில்லை. சாலை தண்ணீருக்குள் கிடக்கிறது. விமானத்தில் மாட்டுக்காரனுக்கு யார் இடம் தருவார்கள்? தோன் சவுல் விடுப்பும் தரமாட்டார். அண்ணனும் அவன் மனைவி பெத்ரோனாவும் இருப்பது அவர் கொடுத்த குடிசையில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகிறேன். பெத்ரோனா வாழைக்காயும் உப்புக்கண்டமும் சேர்த்து மசாக்கோ இடித்து வைத்திருப்பாள். அண்ணன் தண்ணீர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மறைத்துத்தான் பார்க்கிறேன், ஆனாலும் கண்டுபிடித்துவிட்டான்.

“பாத்துக்க டாக்டர், குடிச்சிட்டேன்” என்று குவளையைக் கவிழ்த்துக் காட்டுகிறான். பெத்ரோனா சிரிக்கவில்லை.

கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி வந்தால் உங்களால் வாங்கிக்கொள்ள முடியுமா?

நெலிதா முய்பா


சாந்தா குரூஸ்
1 பிப்ரவரி

நெலிதாவுக்கு,

முடியாது.

எண் இல்லாத பெட்டியை நாங்கள் திறப்பதில்லை. பின்கட்டில் ஓர் அடுப்பு இருக்கிறது, நேராக அதற்குள் போகும். கொண்டுபோய்ப் போடுகிறவள் நான்தான். போன வருடம் தெற்கிலிருந்து ஒரு பெட்டி. நல்லபடியாகக் கட்டி, மேலே ‘மிக அவசரம்’ என்று அழகான கையெழுத்து. முத்திரை மட்டும் இல்லை. அதையும் போட்டேன். என்ன அனுப்பினார்கள், யாருக்காக அனுப்பினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால் அப்படி ஒரு பெட்டியை எனக்கு அனுப்பாதே.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். கார்னிவல் வருகிறதே, உங்கள் டாக்டர் ரேனே எங்கே ஆடுவார்? அந்த மாதிரி ஆள் சான் லாசரோவின் சேற்றிலா ஆடுவார்? திரினிதாத் நகரத்துக்குத்தான் போவார். போகிறவர் முத்திரையை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவார்? மாடு படகேற வேண்டுமே, யாராவது முத்திரை குத்தத்தானே வேண்டும்?

விதியில் ‘மேலதிகாரி அல்லது அவர் இல்லாதபோது பொறுப்பில் இருப்பவர்’ என்று இருக்கிறது. அந்தப் பத்தியை இருபது வருடமாக யாரும் படித்ததில்லை. நான் நேற்று மத்தியானம் படித்தேன்.

என் பதிவேட்டில் 31-ஆம் எண்ணை உனக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். முத்திரை விழுந்த பிறகுதான் அந்த எண்ணைப் பெட்டியில் எழுத வேண்டும். முன்னால் எழுதினால் இரண்டு பேரும் மாட்டுவோம். உங்கள் ஊரில் பனிக்கட்டி கிடைக்காது என்று தெரியும். மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கு. பாதி கிளிசரின், பாதி கொதித்து ஆறிய உப்புத் தண்ணீர். மூளையை அதில் போட்டு, வாய் இறுகிய புட்டியில், டப்பாவுக்குள் மரத்தூள் திணித்து அனுப்பு. கையுறை போட்டுக்கொள். வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள், தெறிக்கும்.

நோயின் பெயரை ஒழுங்காக எழுது.

நில்சா


சான் லாசரோ
16 பிப்ரவரி, சாம்பல் புதன்

தோன்யா நில்சா அம்மாவுக்கு,

பெட்டி வருகிறது. 31 என்று நான்கு பக்கமும் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடியே நடந்தது. டாக்டர் ரேனே வெள்ளிக்கிழமை திரினிதாத்துக்குப் போனார். கார்னிவலில் ஆடும் அவருடைய நண்பர்கள் கூட்டத்துக்கு இந்த வருடம் மஞ்சள் சட்டையாம். முத்திரையை என் மேசையில் வைத்து, தோன் சவுலின் மாடுகளைப் படகேற்ற அனுமதிச் சீட்டு கேட்டு வந்தால் யோசிக்காமல் குத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முத்திரையைக் காகிதத்தில் சுற்றி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். மூன்று நாள் எந்த மாடும் விழவில்லை. மாடு விழவேண்டும் என்று வேண்டிக்கொள்கிற மருத்துவர் வேறு யாராவது இருப்பார்களா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் படகோடு வந்து நின்றான். ஒரு கிடாரி, அதே எச்சில், அதே நடை. பண்ணைக்குப் போவதற்கு முன்பே விண்ணப்பத்தை எழுதினேன். வெறிநோய் என்று எழுத்துக்கூட்டி எழுதினேன். கீழே விண்ணப்பிப்பவர் என்று கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே அனுமதிப்பவர் என்று இன்னொரு கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். இரண்டு கையெழுத்தும் வேறு மாதிரி இருக்கவேண்டுமோ என்று ஒரு கணம் குழம்பினேன். அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ஒரே மாதிரி இரண்டு கிறுக்கல் என்பது தெரிந்திருக்கிறது.

“கேக்கறதும் நீ, குடுக்கறதும் நீ. கார்னிவல்னா இதுதான்” என்றான்.

தோன் சவுலின் வீட்டில் எல்லாரும் போதையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கிடாரி நாங்கள் போகும்போதே உயிரை விட்டிருந்தது. அண்ணனைப் பக்கத்தில் வரவிடவில்லை. அவன் கோடரியைத் தரமாட்டேன் என்று சண்டை போட்டான்; டாக்டர் நானா நீயா என்று கேட்டேன். அவனிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. உடனே கொடுத்துவிட்டான். மண்டை ஓடு நான் நினைத்ததைவிடக் கெட்டி. கோடரி ஒருமுறை வழுக்கியது. மூளை சிதையாமல் வந்தது. கிளிசரின் கேட்டபோது மருந்துக்கடை அம்மாள் உதடு வெடித்திருக்கிறதா என்றார். ஆமாம் என்றேன்.

விமானி தோன் ஃபாபியோ நெற்றியில் சாம்பலும் தலையில் வலியுமாக இருக்கிறார். டப்பாவை ஆட்டிப் பார்த்து என்ன இது என்றார். மூளை என்றேன். “இந்த விமானத்துல ஏறின மொத மூளை இதுதான்” என்று சொல்லி, தன் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். முத்திரையைப் பார்த்தார், யார் கையெழுத்து என்று பார்க்கவில்லை. நாளை காலை கிளம்புகிறார்.

அண்ணன் ஒரு வாரமாகக் கை மரத்துப்போகிறது என்கிறான். கயிறு இழுத்ததால் இருக்கலாம். தண்ணீர் குடிக்கிறான்.

நெலிதா


சாந்தா குரூஸ்
19 பிப்ரவரி

நெலிதா, மகளே,

வெறிநோய்தான்.

சாயம் போட்டு உருப்பெருக்கியில் பார்த்தோம். பச்சைப் பச்சையாக மின்னியது. அந்தப் பிரிவு டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இருபது வருடமாகப் பெட்டி வாங்கிக் கொடுக்கிறேன், உள்ளே இருப்பதை எனக்கு ஒருவர் காட்டியது இதுதான் முதல் தடவை. அழகாகத்தான் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று மத்தியானமே இயக்குநரை வானொலி முன்னால் உட்கார வைத்தேன். உங்கள் எலோயிடம் பேசினார். இருக்கிற மருந்தை இன்றே அசென்சியோவுக்குத் தொடங்கு, தாள் பின்னால் வருகிறது என்றார். எலோய் மூன்று முறை திரும்பக் கேட்டாராம். சமவெளி முழுக்கக் கேட்டிருக்கும், கேட்கட்டும். சந்தையை மூடச் சொல்லி உத்தரவும் போய்விட்டது. உங்கள் டாக்டர் ரேனே திரினிதாத்திலிருந்து தொலைபேசியில் என்னைப் பிடித்து, ‘அந்தப் பெண்ணுக்கு என்ன அதிகாரம்’ என்று கத்தினார். பத்தி எண்ணைச் சொன்னேன். ‘எந்தப் பத்தி?’ என்றார். பாவம், அவரும் படித்ததில்லை.

முத்திரை அவர் கைக்குத் திரும்பிவிட்டால் உன்னைச் சும்மா விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். இங்கிருந்து நான் செய்யக்கூடியது அதிகமில்லை. என் ஜன்னலின் அகலம் ஒன்றரை முழம்.

ஒன்று மட்டும் என்னால் முடியும். இங்கே அரசாங்க மருந்துக் கிடங்கில் என் தங்கை மகன் வேலை செய்கிறான். ஆனால் அவர்கள் ஆள் பெயர் இல்லாமல் ஒரு குப்பிகூடத் தரமாட்டார்கள். அந்த மாடுகளின் எச்சிலையோ மூளையையோ தொட்டவர்கள், கையில் காயம் இருந்தவர்கள், யார் யார் என்று பெயர் பெயராக எழுது. வானொலியில் சொல்லாதே, இதே விமானத்தில் எழுதி அனுப்பு. தோன் ஃபாபியோவிடம் சொல்லியிருக்கிறேன், நீ எழுதி முடிக்கும் வரை சாப்பிடுவார். அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சாப்பிடுவார்.

நில்சா


சான் லாசரோ
24 பிப்ரவரி

தோன்யா நில்சா அம்மாவுக்கு,

தோன் ஃபாபியோ இரண்டாவது தட்டுக்கு வந்துவிட்டார். வேகமாக எழுதுகிறேன்.

அண்ணனுக்குத் தினமும் வயிற்றில் ஊசி. தோன் எலோய் வானொலி கேட்ட அன்றே தொடங்கிவிட்டார். “மாட்டுக்குப் போடற மாதிரி போடுங்க தோன், தாங்குவேன்” என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். மறுநாளிலிருந்து அவன் அப்படிப் பேசவில்லை. வலிக்கிறது போலிருக்கிறது. கை மரத்துப்போவது நின்றதா என்று கேட்டால் குவளையை எடுத்துக் குடித்துக் காட்டுகிறான். தாமதமாகத் தொடங்கியது போதுமா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். அதனால் கேட்கவில்லை.

தோன் சவுல் குடிசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அண்ணனும் பெத்ரோனாவும் அலுவலகத்தின் பின்னறையில், மாதிரிப் புட்டிகள் வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் தூங்குகிறார்கள். ஊர் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்கிறது. படிக்க வைத்தார்கள், வந்து சந்தையை மூடிவிட்டாள் என்கிறார்கள். படகுகள் ஆற்றில் வெறுமனே நிற்கின்றன. எங்கேயும் போக முடியாது. தண்ணீர் இன்னும் வடியவில்லை.

டாக்டர் ரேனே திரும்பி வந்துவிட்டார். இப்போதும் கோபப்படவில்லை. ஒரு தாள் கொடுத்தார். மாதிரியை யார் எடுத்தது, எப்படி எடுத்தது, கையுறை முழுதாக இருந்ததா, எடுக்கும்போது யாருக்காவது காயம் பட்டதா என்று எழுத்தில் பதில் கேட்டிருக்கிறார். முறைப்படி எடுக்காத மாதிரி செல்லாது என்று மேலே எழுதி, சந்தையைத் திறக்கப் பார்க்கிறார். தோன் எலோய் சாயங்காலம் அவரோடு சீட்டாடுகிறவர். அவரிடம் சொன்னால் அங்கே தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்ட பெயர்கள். அசென்சியோ முய்பா, அவனுக்கு நடக்கிறது. பெத்ரோனா பால் கறந்திருக்கிறாள், ஆனால் நோய் வந்த மாடுகளை இல்லை. கையில் கீறலும் இல்லை. நன்றாகப் பார்த்தேன். மற்ற மாட்டுக்காரர்கள் இருவரையும் விசாரித்தேன். அவர்கள் தூரத்திலிருந்து கயிறு போட்டதோடு சரி. தோன் சவுல் செத்த மாட்டின் பக்கம் வருகிறவர் இல்லை.

இதுவரைக்கும் எழுதிவிட்டுத் தாளை மடித்துவிட்டேன். திரும்பப் பிரித்திருக்கிறேன்.

கோடரி வழுக்கியது என்று எழுதியிருந்தேன். அது என் இடது கைப் பெருவிரலில் வழுக்கியது. அலுவலகத்தில் இருந்தது ஒரே ஜோடிக் கையுறை. அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. அந்தக் கையால்தான் பிறகு கிடாரியின் மூளையை எடுத்தேன். ஆற்றில் கழுவினேன், பிறகு சோப்புப் போட்டுக் கழுவினேன். துணியைச் சுற்றிக்கொண்டு, படகில் இடித்துக்கொண்டேன் என்று அண்ணனிடம் சொன்னேன்.

யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் ரேனேயின் தாள் ஒரு காரணம். அந்தத் தாள் வருவதற்கு முன்பே சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. குளிர்பெட்டியில் இருந்தது ஒரு ஆளுக்கான மருந்து. சொல்லியிருந்தால் அண்ணன் சுகாதார நிலையத்துப் பெஞ்சிலிருந்து எழுந்து, என்னைப் பிடித்து அங்கே உட்கார வைத்திருப்பான். அவனை எனக்குத் தெரியும். இப்போது பாதிக்கு மேல் அவனுக்குள் போய்விட்டது, இனித் திருப்பித் தர முடியாது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்தத் தாளுக்கு நான் உண்மையைத்தான் எழுதிக் கொடுக்கப்போகிறேன். மூளைக்குள் மின்னியது என் விரல் வெட்டால் வந்ததில்லை என்று உங்கள் டாக்டர் எழுதித் தருவார் என்று நம்புகிறேன். தராவிட்டாலும் எழுதுவேன்.

தோன் ஃபாபியோ கை கழுவுகிறார். நான் இதுவரை எனக்கென்று யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் இவ்வளவு சுற்றிவிட்டேன். இன்னும் ஒரு ஆளுக்கான மருந்து அனுப்புங்கள், அம்மா. பெயர் வேண்டும் என்றீர்கள்:

நெலிதா முய்பா